செல்லாமற்போன ஐம்பதும் நூறும்

உழைத்துச் சம்பாதித்த பணம் நமது கையில் இருக்கிறது. ஆனால் அந்தத் தாள் நாளைக்கும் செல்லுமா என்று தீர்மானிக்கிறவர்கள் நாம் அல்ல. இலங்கை மக்கள் இந்த உண்மையை ஒரே வாரத்தில் கற்றுக்கொண்ட காலம் ஒன்று உண்டு. 1970ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தின் கடைசி வாரத்தில், புழக்கத்திலிருந்த 50 ரூபா, 100 ரூபா நோட்டுக்கள் இனிச் செல்லாது என்று அரசாங்கம் அறிவித்தது. அந்த நோட்டுக்களின் வரலாற்றையே இவ்விதழில் பாடமாக எடுத்துக்கொள்கிறோம்.

ஐம்பது வருடங்களுக்கு முந்திய கதை இன்று எதற்கு என்று சிலர் கேட்கலாம். வட்டகொடை, தலவாக்கலை, ஹட்டன் பகுதிகளில் இவ்விதழை வாசிக்கும் குடும்பங்களில் பல, ஒரு தடவையாவது வீடு வாசலை விட்டுப் பெயர்ந்தவை. 1977, 1983 வன்செயல்களில் ஓடியவர்கள் இருக்கிறார்கள். மேல் கொத்மலை நீர்மின் திட்டத்துக்காக வீடு மாறியவர்கள் இருக்கிறார்கள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மண்சரிவில் மரக்கறித் தோட்டத்தையும் வீட்டையும் இழந்தவர்கள் இருக்கிறார்கள். பெயர்ந்து போகிறவர் நிலத்தைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. பிள்ளைகளையும் பத்திரங்களையும் இருக்கிற பணத்தையுமே கையோடு எடுத்துப்போக முடியும். ஆதலால் பணத்தாளைப் பற்றிய அறிவு மற்றெல்லோரையும் விட இடம்பெயர்ந்த விவசாயிக்கே அதிகம் தேவைப்படுகிறது.

தாள் எப்படிப் பணமாகிறது?

ஒரு கிலோ உருளைக்கிழங்கைச் சமைத்துச் சாப்பிடலாம், விதையாகவும் போடலாம். நூறு ரூபா நோட்டை அப்படி எதுவும் செய்ய முடியாது. அது ஒரு வாக்குறுதி மட்டுமே. "இதைக் கொண்டுவருகிறவருக்கு இவ்வளவு பெறுமதி உண்டு" என்று ஒருவர் சொல்லுகிறார். மற்றவர்கள் அதை நம்புகிறார்கள். சொல்லுகிறவர் நிலைத்து நிற்கும்வரை தாளும் நிற்கும்.

முற்காலத்தில் இந்த வாக்குறுதியைக் கொடுத்தவை தனியார் வங்கிகள். 19ஆம் நூற்றாண்டில் இலங்கையில் அதிகம் புழங்கியவை ஓரியண்டல் வங்கிக் கூட்டுத்தாபனம் வெளியிட்ட நோட்டுக்கள். அந்த வங்கி காப்பித் தோட்டங்களுக்குப் பெருந்தொகையாகக் கடன் கொடுத்திருந்தது. 1869இல் காப்பிச் செடியில் இலைத்துரு நோய் காணப்பட்டது. சில வருடங்களுக்குள் அது மலைநாடு முழுவதும் பரவியது. தோட்டங்கள் கைவிடப்பட்டன, கடன் திரும்பி வரவில்லை. 1884 மே மாதம் 3ஆம் திகதி ஓரியண்டல் வங்கி கதவை மூடியது.

அன்றைக்கு அந்த வங்கியின் நோட்டை வைத்திருந்தவர்களின் நிலைமையை எண்ணிப் பாருங்கள். முதல் நாள் அரிசி வாங்கிய தாளுக்கு மறு நாள் பெறுமதி உண்டா என்று எவருக்கும் தெரியாது. அப்போது தேசாதிபதியாக இருந்த சர் ஆர்தர் கோர்டன், வங்கியின் நோட்டுக்களுக்கு அரசாங்கம் பொறுப்பேற்கும் என்று அறிவித்தார். அதனால் பெரும் குழப்பம் தவிர்க்கப்பட்டது. அதே 1884இல் காகித நாணயக் கட்டளைச் சட்டம் கொண்டுவரப்பட்டது. 1885 முதல் நோட்டு வெளியிடும் பொறுப்பை அரசாங்கமே ஏற்றுக்கொண்டது. ஹட்டனுக்கு ரயில் வந்ததும் 1884இல்தான். மறு வருடம் அது வட்டகொடையைக் கடந்து நானுஓயாவைச் சென்றடைந்தது. மலைகளில் காப்பி அழிந்து தேயிலை வேரூன்றிய அந்த வருடங்களிலேயே இந்த நாட்டின் பணத்தாளும் தனியார் கையிலிருந்து அரசாங்கத்தின் கைக்கு மாறியது.

இதிலிருந்து முதற்பாடம் ஒன்றைக் கற்கிறோம். ஒரு நோட்டின் பெறுமதி, அதன் பின்னால் நிற்கிறவருடைய பலத்தில் தங்கியிருக்கிறது. ஓரியண்டல் வங்கியின் நோட்டைக் காப்பாற்றியது அந்த வங்கியல்ல. சட்டமும் அரசாங்கத்தின் சொல்லுமே அதைக் காப்பாற்றின.

எமது முன்னோர் அறிந்த வேறொரு தாள்

காப்பிக் காலத்திலும் தேயிலையின் ஆரம்ப காலத்திலும் எமது முன்னோர் ரூபா நோட்டை விட அதிகம் பயந்த தாள் ஒன்று இருந்தது. அதன் பெயர் 'துண்டு'. கங்காணியும் அவர் கீழுள்ள தொழிலாளர்களும் தோட்டத்துக்குக் கொடுக்கவேண்டிய கடன் அதில் எழுதப்பட்டிருக்கும். அந்தத் தொகையைக் கட்டினால் ஆட்களை விடுவிப்பதாகத் துரை அதில் எழுதிக் கொடுப்பார். வேறொரு தோட்டத்துத் துரை பணத்தைக் கட்டி ஆட்களை எடுத்துக்கொள்வார். தொழிலாளி தோட்டம் மாறுவார். கடனும் அவரோடு கூடவே மாறும்.

1921இல் சட்டத்தின் மூலம் துண்டு முறை ஒழிக்கப்பட்டது. அதுவும் ஒரு தாளைச் செல்லாததாக்கிய செயலே. ஆனால் அது ஏழையை விடுவித்த செல்லாதாக்கல். ஆகவே ஒரு தாளைச் செல்லாது என்று சொல்வது நல்லதா கெட்டதா என்று பொதுவாகத் தீர்ப்புச் சொல்ல முடியாது. அந்தத் தாள் யாருடைய கையில் இருக்கிறது, அதனால் யாருக்குப் பாரம், யாருக்கு விடுதலை என்பதையே பார்க்கவேண்டும்.

இரண்டாம் உலக யுத்தக் காலத்தில் உலோகம் தட்டுப்பட்டபோது சதக்காசுக்குப் பதிலாகவும் தாள் அச்சிடப்பட்டது. 1942இல் வந்த 5 சத நோட்டு ஒன்றின் நடுவே, முத்திரைத் தாளில் இருப்பதுபோல வரிசையாகத் துளையிட்டிருந்தார்கள். கிழித்தால் ஒரு பக்கம் 2 சதம், மறுபக்கம் 3 சதம். யுத்தம் முடிந்து காசு மீண்டும் தாராளமாக வந்தபின் அந்தத் தாள்கள் புழக்கத்திலிருந்து மறைந்தன. இன்று அவை பழைய நாணயம் சேகரிப்பவர்களிடம் மட்டுமே உள்ளன.

சுதந்திரத்தின் பின் 1949ஆம் ஆண்டின் நாணயச் சட்டத்தின்படி மத்திய வங்கி ஏற்படுத்தப்பட்டு, 1950 ஓகஸ்ட் 28ஆம் திகதி தனது பணியைத் தொடங்கியது. அதன் பின் நோட்டு வெளியிடும் உரிமை அந்த வங்கிக்கே உரியதாயிற்று. 1970இல் மக்கள் கையில் புழங்கிய மிகப் பெரிய நோட்டு 100 ரூபா. அதற்கு அடுத்தது 50 ரூபா. 500, 1000 ரூபா நோட்டுக்கள் மக்களின் புழக்கத்துக்கு வந்தது 1980களில்தான்.

1970 ஒக்டோபர்: நடந்தது என்ன?

1970 மே மாதத் தேர்தலில் திருமதி சிறிமாவோ பண்டாரநாயக்கவின் தலைமையில் ஐக்கிய முன்னணி வெற்றி பெற்றது. லங்கா சமசமாஜக் கட்சியின் தலைவர் கலாநிதி என்.எம். பெரேரா நிதியமைச்சரானார். அவர் தொழிலாளர்களின் எதிரியல்லர். 1939, 1940ஆம் ஆண்டுகளில் அவருடைய கட்சி தோட்டங்களில் தொழிற்சங்கம் அமைத்துப் போராடியது. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் தொழிலாளி கோவிந்தன் பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டில் இறந்த போராட்டம் அந்தக் காலத்ததே. 1948இல் எமது மக்களின் குடியுரிமையைப் பறித்த சட்டத்தையும் அக்கட்சி எதிர்த்தது.

புதிய அரசாங்கத்தின் திறைசேரியில் பணம் போதவில்லை. அதே வேளையில் பெரும் வியாபாரிகளும் வரி கட்டாதவர்களும் கோடிக்கணக்கான ரூபாவை நோட்டாகவே பதுக்கி வைத்திருக்கிறார்கள் என்று அரசாங்கம் கருதியது. வங்கியில் போட்டால் வரி அதிகாரிகள் கணக்குக் கேட்பார்கள் என்பதால் பதுக்கிய பணம் பெட்டிகளில் கிடந்தது. அதை வெளியே கொண்டுவர அரசாங்கம் கண்ட வழி, பெட்டியிலுள்ள நோட்டையே செல்லாததாக்குவது.

அறிவிப்பு இவ்வாறு அமைந்தது. 1970 ஒக்டோபர் 26ஆம் திகதிக்கு முந்திய நாளிட்ட 50, 100 ரூபா நோட்டுக்கள் எல்லாம் நவம்பர் 3ஆம் திகதி முதல் செல்லாது. அதற்குள் அவற்றை வங்கியில் ஒப்படைக்கவேண்டும். அவற்றுக்குப் பதிலாக ஒக்டோபர் 26 என்று நாளிட்ட புதிய 50, 100 ரூபா நோட்டுக்கள் வெளியிடப்பட்டன. 1, 2, 5, 10 ரூபா நோட்டுக்களுக்கு எந்தப் பாதிப்பும் இல்லை.

நோட்டில் ஒரு மூலையில் சிறிதாக அச்சிட்டிருந்த நாளை அதுவரை எவரும் கவனித்ததில்லை. திடீரென்று அந்த நாளே எல்லாவற்றையும் தீர்மானித்தது. ஒரே பெறுமதியுள்ள இரண்டு நோட்டில் ஒன்று பணம், மற்றது வெறுங்கடதாசி. வேறுபாடு அந்த ஒரு வரி எழுத்தில் இருந்தது. எழுத வாசிக்கத் தெரிந்திருப்பது சோற்றோடு சம்பந்தப்பட்ட விஷயம் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

வலை யாருக்கு, அகப்பட்டவர் யார்?

நோக்கத்தை மட்டும் பார்த்தால் குறை சொல்ல இடமில்லை. வரி கட்டாமல் பதுக்கிய பணம் ஏழைகளின் பாடசாலைக்கும் ஆஸ்பத்திரிக்கும் போகவேண்டிய பணம். ஆனால் எந்தச் சட்டமும் தாளில் எழுதப்பட்டபடியே எல்லோரையும் சென்றடைவதில்லை. அது இறங்கிவரும் பாதையில் யார் யார் நிற்கிறார்கள் என்பதையும் பார்க்கவேண்டும்.

பெரிய பணக்காரரிடம் வங்கிக் கணக்கு உண்டு, கணக்காளர் உண்டு, தமக்காகப் பணத்தைப் பிரித்து வைப்பிலிட உறவினர்களும் ஊழியர்களும் உண்டு. செய்தி வந்த அன்றே அவர் அலுவலில் இறங்கலாம். மேலும் பெருஞ்செல்வம் நோட்டாக மட்டும் இருப்பதில்லை. நிலமாக, கட்டிடமாக, நகையாக, சரக்காக, வெளிநாட்டு நாணயமாக உருமாறி இருக்கும். இவற்றில் எதுவும் நவம்பர் 3ஆம் திகதி செல்லாமற் போகவில்லை.

இனித் தோட்டத்து லயத்தைப் பார்ப்போம். அந்நாளில் தொழிலாளியின் ஒரு நாள் சம்பளம் சில ரூபாய்கள் மட்டுமே. அப்படியிருந்தும் மகளின் கலியாணத்துக்கு, சாவு வீட்டுச் செலவுக்கு, இந்தியப் பயணத்துக்கு என்று சிறுகச் சிறுகச் சேர்த்தவர்கள் இருந்தார்கள். பத்து ரூபா நோட்டாகச் சேர்ப்பவர், கட்டுப் பெருத்தவுடன் கடையில் கொடுத்து ஐம்பதாக, நூறாக மாற்றி டிரங்குப் பெட்டியின் அடியில் வைப்பது வழக்கம். பெரிய நோட்டுச் சேமிப்புக்கு உகந்தது, இடம் பிடிக்காது, கைச்செலவாகிப் போகாது. வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்த சேமிப்பு, பதுக்கல்காரரின் பணம் இருந்த அதே நோட்டிலேயே இருந்தது.

வங்கியில் கொடுத்தால் அந்தப் பணம் போய்விடாது. அதைத் தெளிவாகச் சொல்லவேண்டும். ஆனால் வங்கிக்குப் போவது எப்படி? வங்கிகள் ஹட்டன், நுவரெலியா போன்ற பட்டணங்களில் இருந்தன. போவதற்கு ஒரு நாள் பேர் இழக்கவேண்டும். வங்கிப் படிவத்தில் சிங்களமோ ஆங்கிலமோ எழுதவேண்டும். அதைவிடப் பெரிய தடை ஒன்றும் இருந்தது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தால் எமது மக்களில் மிகப் பெரும்பாலானோர் எந்த நாட்டின் பிரசைகளும் அல்லாதவர்களாக இருந்தார்கள். அரசாங்க அலுவலகக் கதவைக் கண்டாலே "உன்னிடம் என்ன பத்திரம் இருக்கிறது?" என்ற கேள்விதான் அவர்களுக்கு முதலில் நினைவில் வரும். பணத்தைக் காட்டினால் இன்னும் என்னென்ன கேட்பார்களோ என்ற பயம் இயல்பானது.

அதே வருடங்களில்தான் 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி கைச்சாத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்துகொண்டிருந்தது. ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேர் இந்தியா செல்லவேண்டும், மூன்று இலட்சம் பேருக்கு இங்கே பிரசாவுரிமை என்று அந்த ஒப்பந்தம் கூறியது. திரும்பிப் போகிற குடும்பம் தனது சேமலாப நிதியும் பணிக்கொடையும் உட்படச் சொத்தை எடுத்துச் செல்லலாம். அவ்வாறு கொண்டுபோகக் கூடிய உச்சத் தொகை 4,000 ரூபாவுக்குக் குறைக்கப்படமாட்டாது என்றும் அதில் ஒரு வாசகம் இருந்தது. ஒரு தலைமுறை உழைப்பின் பலன் சில பத்து நோட்டுக்களில் அடங்கிவிடும் என்பதையே அந்தத் தொகை காட்டுகிறது. பயணத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டுப் பெட்டி கட்டிக் காத்திருந்த குடும்பத்துக்கு ஐம்பது ரூபா நோட்டு ஒன்று எவ்வளவு பெரியது என்பதை விளக்கத் தேவையில்லை.

பிற நாடுகளில் நடந்தவை

இது இலங்கையில் மட்டும் நடந்ததல்ல. எமது மக்களுக்கு உறவுள்ள இரண்டு நாடுகளின் அனுபவத்தைச் சுருக்கமாகப் பார்ப்போம்.

பர்மாவில் 1964 மே மாதம், ஜெனரல் நே வின்னின் இராணுவ அரசாங்கம் 50, 100 கியாட் நோட்டுக்களைச் செல்லாததாக்கியது. இலங்கையில் ஆறு வருடங்களின் பின் நடந்ததும் இதே இலக்கங்களில்தான். கடைகள் தேசியமயமாக்கப்பட்டு, தமிழர் உட்பட இந்திய வம்சாவளியினர் பெருந்தொகையாக நாட்டை விட்டு வெளியேறிய காலம் அது. பல தலைமுறை உழைத்தவர்கள் வெறுங்கையோடு சென்னைத் துறைமுகத்தில் இறங்கினார்கள். 1987 செப்டம்பரில் அதே அரசாங்கம் 25, 35, 75 கியாட் நோட்டுக்களை, மாற்றிக்கொள்ள வாய்ப்பே கொடுக்காமல் ஒழித்தது. மறு வருடம் அந்நாட்டில் வெடித்த மக்கள் எழுச்சிக்கு அந்தக் கோபமும் ஒரு காரணம்.

இந்தியாவில் 1978 ஜனவரியில் 1,000, 5,000, 10,000 ரூபா நோட்டுக்கள் செல்லாததாக்கப்பட்டன. அந்நாளில் ஏழைகள் அந்த நோட்டுக்களைக் கண்ணாலும் கண்டதில்லை. ஆகவே அவர்களுக்குப் பெரிய பாதிப்பு ஏற்படவில்லை. 2016 நவம்பர் 8ஆம் திகதி இரவு அறிவிக்கப்பட்ட நடவடிக்கை அப்படிப்பட்டதல்ல. அப்போது 500, 1000 ரூபா நோட்டுக்கள் செல்லாதவையாயின. புழக்கத்திலிருந்த பணத்தின் பெறுமதியில் ஏறத்தாழ 86 வீதம் அந்த இரண்டு நோட்டுக்களிலேயே இருந்தது. கூலியாட்களும் விவசாயிகளும் கிழமைக்கணக்கில் வங்கி வாசலில் வரிசையில் நின்றார்கள். இங்கிருந்து போய் நீலகிரியின் கூடலூர், கோத்தகிரிப் பகுதிகளில் குடியேறிய எமது உறவினர்களும் அந்த வரிசைகளில் நின்றவர்களே. கடைசியில் செல்லாததாக்கிய நோட்டில் 99 வீதத்துக்கு மேல் வங்கிகளுக்குத் திரும்பிவந்துவிட்டது என்று இந்திய ரிசர்வ் வங்கியே 2018இல் அறிவித்தது. பதுக்கிய பணமும் ஏதோ ஒரு வழியில் வங்கிக்குள் புகுந்துவிட்டது என்பதே இதன் பொருள்.

எந்த நோட்டைச் செல்லாததாக்குகிறார்கள் என்பதை வைத்தே யாருக்கு அடி விழும் என்று சொல்லிவிடலாம். ஏழை சேமிக்கும் நோட்டில் கை வைத்தால் ஏழைக்கும் அடி விழும். எவ்வளவு கால அவகாசம், வங்கி எவ்வளவு தூரம், என்ன பத்திரம் கேட்கிறார்கள் என்ற மூன்றும் அந்த அடி எவ்வளவு பலமானது என்பதைத் தீர்மானிக்கின்றன.

நிறுத்துவது வேறு, செல்லாததாக்குவது வேறு

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளவேண்டும். ஒரு நோட்டை அச்சிடுவதை நிறுத்துவதும் அதைச் செல்லாததாக்குவதும் ஒன்றல்ல.

1984இல் 2 ரூபா, 5 ரூபாக் குற்றிகள் வந்தபின் அந்தப் பெறுமதியுள்ள நோட்டுக்கள் மெல்ல மெல்ல மறைந்தன. 2010இல் 10 ரூபாக் குற்றி வந்தபின் பத்து ரூபா நோட்டும் அவ்வாறே மறைந்தது. 2006இல் புழக்கத்துக்கு வந்த 2000 ரூபா நோட்டு, 2011இல் வெளியான புதிய நோட்டு வரிசையில் சேர்க்கப்படவில்லை. அதற்குப் பதிலாக 5000 ரூபா நோட்டு வந்தது. இவை எதுவும் 1970இல் நடந்ததைப் போன்றதல்ல. அச்சிடுவது நின்றது, செல்லுபடி நீங்கவில்லை.

இந்த வேறுபாடு தெரியாதவர்களிடம் "இந்த நோட்டு இப்போது செல்லாது, நான் பாதி விலைக்கு மாற்றித் தருகிறேன்" என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்கள் எந்தக் காலத்திலும் உண்டு. பாட்டியின் பெட்டியில் பழைய நோட்டு அகப்பட்டால் முதலில் போகவேண்டிய இடம் வங்கி, தரகரின் கடையல்ல.

அறிவிப்பில்லாமல் செல்லாமற் போவது

1970இல் அரசாங்கம் அறிவித்தது, நாளும் குறித்தது. ஆனால் அறிவிப்பும் இல்லாமல் நாளும் குறிக்காமல் ஒரு நோட்டின் பெறுமதி கரைந்துபோகிற வழியும் உண்டு. விலைவாசி ஏற்றமே அந்த வழி.

இதை எமது மக்களுக்கு விளக்க ஓர் உதாரணம் போதும். நாளொன்றுக்கு ஆயிரம் ரூபா சம்பளம் வேண்டும் என்று தோட்டத் தொழிலாளர்கள் பல வருடங்கள் போராடினார்கள். வீதியில் இறங்கினார்கள், வேலைநிறுத்தம் செய்தார்கள். 2021 மார்ச் மாதம் சம்பளச் சபையின் மூலம் அது சட்டமானது. ஒரு நாள் உழைப்புக்கு ஓர் ஆயிரம் ரூபா நோட்டு! ஆனால் 2022இல் நாடு கடனைத் திருப்பிச் செலுத்த முடியாத நிலைக்கு வந்தது. அந்த வருடம் செப்டம்பரில் விலைவாசி முந்திய வருடத்தை விட ஏறத்தாழ 70 வீதம் உயர்ந்திருந்தது. ஆயிரத்து எழுநூறு ரூபா கொடுத்தால்தான் முந்திய வருடம் ஆயிரத்துக்கு வாங்கிய சாமான் கிடைக்கும் என்ற நிலை ஏற்பட்டது. போராடிப் பெற்ற நோட்டு கையில் அப்படியே இருந்தது. அதன் படமும் நிறமும் மாறவில்லை. ஆனால் அதில் நானூறு ரூபாவுக்கு மேல் எவரும் அறிவிக்காமலே செல்லாமற் போய்விட்டது.

பசளை விலை, விதை விலை, மண்ணெண்ணெய் விலை எல்லாம் ஏறியபோது மரக்கறிச் செய்கையாளர் பட்ட துன்பத்தை நாம் அறிவோம். நட்டஈடாகவோ நிவாரணமாகவோ கிடைத்த பணத்தை நோட்டாகவே பூட்டி வைத்தவர், அதைக் கொண்டு கூரைத் தகடு வாங்கப் போகும்போதுதான் இழப்பை அறிந்தார்.

நாம் செய்யக்கூடியவை

1. சேமிப்பு முழுவதையும் நோட்டாக வீட்டில் வைக்கவேண்டாம். அவசரத்துக்கு வேண்டிய சிறு தொகை மட்டும் கையில் இருக்கட்டும். மீதியை வங்கியிலோ தபாலகத்திலுள்ள தேசிய சேமிப்பு வங்கிக் கணக்கிலோ வைப்பிலிடலாம். இந்த நாட்டில் தபாலகச் சேமிப்பு முறை 1885இலேயே தொடங்கிவிட்டது. அது எமக்கும் உரிய கதவு.

2. கணக்குப் புத்தகத்தில் யாருடைய பெயர் இருக்கிறது என்று பாருங்கள். கொழுந்து பறித்துச் சம்பாதிக்கிறவர் மனைவி. கணக்கு இருப்பது கணவன் பெயரில் மட்டும் என்றால், கணவன் இறந்தாலோ பிரிந்தாலோ அந்தப் பெண்ணுக்குப் பணம் செல்லாத நோட்டுப் போலாகிவிடும். கூட்டுக் கணக்கு வைத்துக்கொள்ளலாம். பின்னுரித்தாளரின் பெயரையும் எழுதி வைக்கவேண்டும்.

3. மண்ணிலும் வெள்ளத்திலும் பழுதான நோட்டுக்களை வீசிவிடவேண்டாம். நனைந்து ஒட்டிக்கொண்ட நோட்டுக்களைப் பலவந்தமாகப் பிரித்தால் கிழிந்துவிடும். அப்படியே எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போங்கள். தற்செயலாகப் பழுதான நோட்டுக்கு, எஞ்சியுள்ள பாகத்தைப் பார்த்து மாற்றுப் பணம் கொடுக்க ஒழுங்கு உண்டு. ஆனால் நோட்டில் எழுதுவது, வேண்டுமென்றே கிழிப்பது, வெட்டுவது எல்லாம் சட்டப்படி குற்றம். பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லிக் கொடுங்கள்.

4. அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், கணக்குப் புத்தகம், சேமலாப நிதி இலக்கம் ஆகியவற்றின் பிரதியை இன்னொரு வீட்டிலோ ஊர்ச் சங்கத்திலோ வைத்துக்கொள்ளுங்கள். 1970இல் பத்திரம் இல்லாதவர்களுக்கே வங்கிக் கதவு தூரமாக இருந்தது. 2003ஆம் ஆண்டின் சட்டத்தோடு பிரசாவுரிமைப் பிரச்சினைக்குத் தீர்வு கிடைத்தது. ஆனால் மண்சரிவில் பத்திரத்தை இழந்தவர் மறுபடியும் பழைய நிலைக்கே தள்ளப்படுகிறார்.

5. பணம் பற்றிய அறிவித்தல் வந்தால் தனியாக ஓடவேண்டாம். ஊர்ச் சங்கம் கூடி அறிவித்தலை ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேளுங்கள். எந்த நோட்டு, எந்த நாள் வரை, எங்கே என்ற மூன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். எழுதத் தெரிந்த இளைஞர் இருவர் முதியவர்களோடு வங்கிக்குப் போகட்டும். தனியாகப் போகிறவரைத் தரகர் மடக்குவது சுலபம். பத்துப் பேர் சேர்ந்து போனால் அது நடக்காது.

நோட்டு ஒரு வாக்குறுதி என்று ஆரம்பத்தில் சொன்னோம். அந்த வாக்குறுதியைக் கொடுக்கிற அரசாங்கம், மாற்றம் ஒன்றைக் கொண்டுவரும்போது கடைசி லயத்தில் இருக்கிறவருக்கும் போதிய காலமும் புரிகிற மொழியும் நடந்து போகிற தூரத்தில் ஒரு கதவும் கொடுக்கக் கடமைப்பட்டிருக்கிறது. அதைக் கேட்பது சலுகை கேட்பதாகாது. அந்த நோட்டுக்குப் பின்னால் இருக்கும் உழைப்பு எம்முடையது என்பதால் அதைக் கேட்கும் உரிமையும் எமக்கு உண்டு.

சங்கக் கூட்டத்தில் கலந்துரையாட:

1. 1970இல் நோட்டுச் செல்லாமற் போனதைப் பற்றி உங்கள் குடும்பத்து முதியவர்களுக்கு என்ன நினைவிருக்கிறது? கேட்டு வந்து கூட்டத்தில் சொல்லுங்கள்.

2. துண்டு முறையை ஒழித்ததும் 50, 100 ரூபா நோட்டுக்களைச் செல்லாததாக்கியதும் ஏழைகளின் வாழ்வில் எவ்வாறு வேறுபட்டன?

3. உங்கள் ஊரிலிருந்து அண்மையிலுள்ள வங்கி அல்லது தபாலகம் எவ்வளவு தூரம்? போய்வர எவ்வளவு செலவு, எத்தனை நாள் பேர் இழப்பு?

4. உங்கள் வீட்டின் சேமிப்பில் எவ்வளவு பங்கு நோட்டாக இருக்கிறது? எவ்வளவு கணக்கில் இருக்கிறது? அது வீட்டில் யார் யாருக்குத் தெரியும்?

5. நாளைக்கே வீட்டை விட்டுப் பெயரவேண்டி வந்தால் கையோடு எடுத்துப்போகவேண்டிய பத்திரங்கள் எவை? அவை இப்போது எங்கே இருக்கின்றன?